அரைக் காணிக்குப் போகும் வழி

அம்மாவுக்குச் சொந்தமாக நிலம் இருந்தது என்பதை அவள் உயிரோடு இருந்தவரை நாங்கள் ஒரு பேச்சாகத்தான் கேட்டிருந்தோம். அப்பாவோடு சண்டை வரும் நாட்களில், "எனக்குன்னு ஊர்ல அரைக் காணி கெடக்குது, போய்ப் பொழச்சிக்குவேன்" என்பாள். ஒருநாளும் போனதில்லை. அவள் போய் ஓராண்டு கழித்து, பீரோவின் அடித்தட்டில் அந்தப் பத்திரம் கிடைத்தது. கல்யாணத்தின்போது தாத்தா எழுதிக்கொடுத்த மஞ்சக்காணி. நான்கு எல்லைகளும் அதில் இருந்தன. மேற்கே ஏரி வாய்க்கால், வடக்கே பாறைப் புறம்போக்கு, தெற்கே தாத்தாவின் சொந்தக் கொல்லை, கிழக்கே இன்னார் மகன் இன்னாருடைய கொல்லை. கடைசி வரியில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட' என்று இருந்தது.

சொத்து என்றால் மண்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மண்ணுக்குப் போகும் வழியும் சொத்தில் சேர்த்தி என்று பத்திரம் எழுதிய கர்ணத்துக்குத் தெரிந்திருக்கிறது. 2025-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் திண்டிவனத்தில் போய் இறங்கினேன்.

திண்டிவனம் என்றால் புளியங்காடு. திந்திரிணி என்ற வடமொழிச் சொல்லுக்குப் புளி என்று பொருள். ஊர்க் கோயிலில் இருப்பவரும் திந்திரிணீஸ்வரர்தான். காடு போய்விட்டது. மரங்களில் மிஞ்சியவை சாலையோரம் நின்றிருந்தன, நான்குவழிச் சாலை வந்தபோது அவற்றிலும் பெரும்பாலானவை போயின. இன்று இந்த ஊரைத் தெரியாத தமிழர் குறைவு. ஊருக்குள் வந்தவர்களும் குறைவு. சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்களுக்கு இது பேருந்து ஐந்து நிமிடம் நின்று, வேர்க்கடலைப் பொட்டலம் ஜன்னலுக்குள் நீளும் இடம். புதுச்சேரிக்கு ஒரு சாலை, திருவண்ணாமலைக்கு ஒன்று, விழுப்புரத்துக்கு ஒன்று, மரக்காணத்துக்கு ஒன்று. எல்லா வழியும் இங்கிருந்து பிரிகிறது, யாரும் இங்கே தங்குவதில்லை.

ஆனால் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய வழிகாட்டிகளில் ஒன்று இந்த ஊரில்தான் வந்து முடிகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனுடைய ஊர் கிடங்கில். திண்டிவனம் நகராட்சிக்குள் கிடங்கல் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. வார்டும் உண்டு, ஏரியும் உண்டு. பரிசில் பெற்று வரும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். கடற்கரையில் எயிற்பட்டினம், அது மரக்காணம் பக்கம் என்கிறார்கள். அடுத்தது வேலூர், இன்றைய உப்புவேலூர். பிறகு ஆமூர், இன்றைய நல்லாமூர். அவன் சொல்லும் அடையாளங்களில் சோறும் உண்டு. கடற்கரையில் கள்ளும் சுட்ட மீனும், காட்டோரத்தில் புளியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும், வயற்பக்கம் வெள்ளைச் சோறும் நண்டும். தட்டில் விழுவதைப் பார்த்தே எந்த மண்ணில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆறு என்றால் வழி. வழி சொல்வதை ஓர் இலக்கிய வகையாகவே வைத்திருந்த மொழி நம்முடையது. ஒரு கொல்லைக்கு வழி கேட்டுப் புறப்பட்ட எனக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

செஞ்சி பக்கம் போகும் பேருந்தில் கால்வைக்க இடமில்லை. ஆடி அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஒவ்வோர் அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம். ஆடியில் கூட்டம் இரட்டிப்பு. மஞ்சள் புடவைகளும் வேப்பிலையும் எலுமிச்சை மணமும். ஏறியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். 2021-இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகு இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நேர்ந்த மாற்றத்தை எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்தப் பேருந்துக் கூட்டம் நன்றாகச் சொல்லும். முன்பெல்லாம் பக்கத்து ஊருக்குக் களையெடுக்கப் போகிறவர்கள் கூலியில் பேருந்துக் காசைக் கழித்துப் பார்த்துத்தான் போவார்கள். என் பக்கத்தில் நின்ற அம்மாள் திண்டிவனம் சந்தையில் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்புகிறார். "ஒரு கூறு கருவாட்டுக்கு இம்மாந்தூரமா?" என்றேன். "டிக்கெட்டு இல்லையே தம்பி, சும்மா ஊரைப் பாத்துட்டு வரலாம்னுதான்" என்றார். சும்மா ஊரைப் பார்ப்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள வசதியாக இருந்தது. என் அம்மா ஐம்பது ஆண்டுகளில் தன் அரைக் காணியைச் சும்மா பார்க்கப் போனதில்லை.

சாலையின் இருபுறமும் மல்லாட்டைக் கொல்லைகள். வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அதுதான், எழுத்தில் மணிலா. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் பிலிப்பைன்ஸ் துறைமுகத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் வேர்விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விளைந்த மணிலா மாட்டு வண்டியிலும் ரயிலிலும் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் பிரான்சின் மார்செய் நகரத்துச் செக்குகளுக்குப் போனது. மழையை நம்பிய மோட்டாங்கொல்லைகளுக்கு முதன்முதலாகக் காசு பார்க்கும் பயிர் வந்தது அப்படித்தான். திண்டிவனத்திலிருக்கும் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், ஊரின் பெயரைச் சுருக்கி வைத்தது. 1940-இல் வந்த டி.எம்.வி. 2 இந்தியா முழுக்கப் பரவியது. ஆந்திரத்து விவசாயி ஒருவர் திண்டிவனத்தைக் கேள்விப்படாமலேயே அந்த மூன்று எழுத்துகளை வாழ்நாள் முழுக்க விதைத்திருப்பார்.

கொல்லைகளுக்கு நடுவே அடிக்கடி வண்ணக் கொடிகள் பறந்தன. வெள்ளையடித்த குட்டைக் கற்கள், சிமெண்ட் வளைவு, உள்ளே போக முப்பதடிச் சாலை. வீடு ஒன்றுகூட இல்லை. மனைப்பிரிவு. கொல்லை என்று இருந்தவரை அந்த நிலத்துக்கு மாட்டுவண்டி போக ஒற்றைப் பாட்டைகூடக் கிடைத்திருக்காது. 'நகர்' என்று பெயர் மாறிய மறுநாள் முப்பதடிச் சாலை பிறந்துவிடுகிறது. அளவும் மாறிவிடுகிறது. ஊருக்குள் காணி, சாலையோரத்தில் சென்ட், வளைவுக்கு உள்ளே சதுர அடி. ஒரு காணி 132 சென்ட். அம்மாவின் அரைக் காணி 66 சென்ட், அதாவது இருபத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது சதுர அடி. பேருந்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். போடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

நெகனூர்பட்டியில் இறங்கிக் கொஞ்சம் நடந்தேன். அடுக்கிவைத்தது போன்ற பாறைகள், கீழே ஒரு குகை. கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சமணத் துறவிகளுக்கு அந்தப் பள்ளியைச் செய்வித்தவர் சேக்கந்தண்ணி, பெரும்பொகழ் ஊர்ச் சேக்கந்தியின் தாய். அந்த ஊர் பக்கத்திலிருக்கும் இன்றைய பெரும்புகை. சற்றுத் தள்ளித் தொண்டூரில் அதைவிடப் பழைய கல்வெட்டு ஒன்று. இளங்காயிபன் என்பவன் ஏவ, மோசி என்பவன் செய்துகொடுத்த கற்படுக்கை. அதில் வரும் அகழூர் இன்றும் அதே பெயரில் பேருந்துப் பலகையில் இருக்கிறது. ஆட்சிகள் எத்தனை மாறியும் ஊர்ப்பெயர்கள் பாறையிலிருந்து அசையவில்லை. எனக்கு அந்தத் தாயின் பெயர்தான் மனதில் நின்றது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் பொருளில் தன் பெயரால் ஒன்றைச் செய்து, கல்லிலும் வெட்டியிருக்கிறாள். பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-இல். அதற்கு முன் கல்யாணமான என் அம்மா அந்தச் சட்டத்தின் வரம்பில் வரவில்லை. அவளுக்குக் கிடைத்தது மஞ்சக்காணி மட்டுமே.

அம்மா பிறந்த ஊரில் இப்போது மாமா இருக்கிறார். அந்த ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பிறகு தெரியும். வல்லத்துக்கு அப்பால், செஞ்சி மலைகள் நீலமாகத் தெரியும் தூரத்தில், ஓர் ஏரிக்குக் கீழே இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை பேருந்து. அது வராத நாளில் ஊர் மூன்று கிலோமீட்டர் நடக்கும்.

போய்ச் சேர்ந்தபோது அத்தை திண்ணையில் விதைக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஆறேழு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஓடு முறியும் சத்தம் தூறல் விழுவது போல விடாமல் கேட்டது. விதைக் கடலையை இயந்திரத்தில் கொடுத்தால் மேல்தோல் உரிந்து முளைப்பு போய்விடும், கையால்தான் உடைக்க வேண்டும். "வாய்யா" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஒரு செம்பு கூழ் கொண்டுவந்தார். அம்மன் கோயிலில் முந்தின நாள் ஊற்றியதில் மிச்சம். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. நத்தத்தனார் பாணன் இந்த வழியாக வந்திருந்தால் அவனுடைய பட்டியலில் இதுவும் சேர்ந்திருக்கும்.

வீட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2024 டிசம்பர் முதல் நாளின் அடையாளம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து நகர மாட்டாமல் நின்ற அந்த ஒரு நாளில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓராண்டில் பெய்யும் மழையில் பாதி அளவு. இந்த ஊர் ஏரியின் கரையும் ஓரிடத்தில் உடைந்தது. "தண்ணி போனது போவட்டும், மண்ணு வந்து மேவிக்கிச்சு" என்றார் மாமா. அது என்ன பெரிய இழப்பு என்று எனக்கு முதலில் புரியவில்லை. கழனிக்குப் போனபோது புரிந்தது. வரப்புகள் இல்லை. எல்லைக்கற்கள் இல்லை. இருபது வீட்டு நிலம் ஒரே மணல் விரிப்பாக ஆகிவிட்டிருந்தது. தலைமுறையாக ஒரு சாண் வரப்புக்காகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பிகள், எந்த இடத்திற்காகப் பேசாமல் இருந்தோம் என்றே தெரியாமல் நின்றார்களாம். பிறகு பழையபடி அளந்து, பழையபடி பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தப் பக்கத்தில் ஏரிதான் ஊர். பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் நடுவே வற்றாத நதி எதுவும் இல்லை. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வீடூர் அணைக்குப் போகும் சங்கராபரணியிலும் வெள்ளம் வந்தால்தான் தண்ணீர். அதனால் சரிவு கிடைத்த இடத்திலெல்லாம் கரை எழுப்பி மழையை நிறுத்திவைத்தார்கள். ஒரு கழனியின் மதிப்பு அதன் மண்ணில் இல்லை, எந்த மதகுக்கு எத்தனையாவது மடை என்பதில் இருக்கிறது. இப்போது எல்லோரிடமும் ஆழ்துளைக் கிணறும் இலவச மின்சாரமும் இருப்பதால் மதகு திறப்பவரின் வேலை போய்விட்டது. ஏரி நிறைகிறது, வற்றுகிறது. அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. கரை உடைந்தால்தான் அப்படி ஒன்று இருப்பது நினைவுக்கு வருகிறது.

அரைக் காணிக்கு மறுநாள் காலையில் போனோம். மாமா முன்னால், நான் பின்னால். ஏரிக்கரையில் இறங்கி, பனைவரிசையைத் தாண்டி, ஒரு கிணற்றைச் சுற்றி, நன்றாக உழுது கிடந்த ஒரு நீளத் துண்டின் ஓரமாக நடந்தோம். அதன் மறுமுனையில்தான் அம்மாவின் நிலம். மேடு. கொஞ்சம் கல். நடுவே ஒரு வேப்பமரம். இதற்காகவா அத்தனை சண்டையில் பெருமை அடித்துக்கொண்டாள் என்று ஒருகணம் தோன்றியது. மரத்தடியில் உட்கார்ந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. தெற்கே பார்த்தால் ஏரி, மேற்கே மலை. காற்று வந்தது.

"நாம நடந்து வந்த துண்டு யாருது மாமா?"

"நம்மளுதுதான்."

பத்திரத்தை எடுத்தேன். கிழக்கே இன்னார் மகன் இன்னார். மாமா அதைப் படிக்காமலேயே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டவர்போல மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அது டி.சி. நெலம். ஒங்க தாத்தா காலத்துலயே அவங்க நமக்கு வுட்டுட்டாங்க. பஞ்சத்துல எட்டு மூட்டை கம்பு குடுத்து வாங்கினது. வெள்ளத்தாள்ல எழுதி கைநாட்டு வச்சது. அந்தத் தாள் எங்கயோ கெடக்குது."

டி.சி. நிலம் என்று இங்கே சொல்வது பஞ்சமி நிலத்தை. செங்கல்பட்டில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவர்கள் குடியிருக்கும் குடிசையின் மண்கூட அவர்களுடையதாக இல்லை. தரிசு கிடந்தாலும் அதைக் கேட்டு வாங்க மிராசுதாரர்கள் விடுவதில்லை. 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறப்பித்தது. சென்னை மாகாணம் முழுவதுமாகச் சுமார் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் அப்படிக் கொடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். நிபந்தனை தெளிவானது. பத்தாண்டுகளுக்கு விற்கவே கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே வகுப்பினருக்கு மட்டும். வேறு யார் கையில் இருந்தாலும் அந்தக் கிரயம் செல்லாது. எட்டு மூட்டை கம்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

ஏறவும் இல்லை. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். காலத்தில் எத்தனையோ பேருடைய பட்டா எத்தனையோ பேருக்கு மாறியது. தாத்தா கர்ணத்திடம் முயன்றிருப்பார் போல. 1980-இல் கர்ணம் பதவியையே எடுத்துவிட்டார்கள். அந்தத் துண்டு இன்றும் பழைய பெயரிலேயே இருக்கிறது. ஆனால் அதை உழுவது நாங்கள். இருபத்தைந்து வயதில் பஞ்சமி நிலம் மீட்பு பற்றி நான் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், கைதட்டியிருக்கிறேன். மீட்க வேண்டிய நிலத்தில் ஒன்றின் வரப்பில் என் செருப்புத் தடம் இருப்பது அன்று காலையில்தான் தெரிந்தது.

திரும்பி வரும்போது எதிரே ஒரு பெரியவர் இரண்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மாமாவைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். மாமா அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். "இன்னா, ஆடு இந்தப் பக்கம் வருது?" அவர் அதற்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். "இது யாரு, பாப்பாவோட புள்ளையா?" அம்மாவை இந்த ஊரில் பாப்பா என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அன்று வரை தெரியாது.

"ஆமாங்க ஐயா" என்றேன். ஐயா என்ற சொல் மாமாவின் காதில் கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும், தொண்டையைச் செருமினார்.

"அம்மா கொல்லையப் பாத்தியா? அதுக்கு வழி எங்க கொல்லை வழியாத்தான்" என்றார் பெரியவர். சாதாரணமாகச் சொன்னார், குறையாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை. எங்க கொல்லை. அறுபது ஆண்டுகளாக மற்றவர் உழுத நிலத்தை அவர் அப்படித்தான் குறிப்பிட்டார். மாமாவும் மறுக்கவில்லை. ஆடுகள் போய்விட்டன.

அன்று மாலை மேல்சித்தாமூருக்குப் போனேன். ஊரிலிருந்து தப்பிக்கத்தான். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கே இருக்கிறது. பார்சுவநாதர் கோயிலுக்கு உயரமான கோபுரம். அதைவிடப் பழையது பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைக் கொண்ட மலைநாதர் கோயில். வட இந்தியச் சமணர் என்றால் வியாபாரிகள் நினைவுக்கு வருவார்கள். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரத்து நயினார்கள் பரம்பரையாக உழவர்கள். மடத்துக்கு எதிரே பேசிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம், ஏர் ஓட்டினால் புழு சாகாதா என்று எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். "உழவைச் சொல்லிக்குடுத்ததே ஆதிநாதர்தானே. பாவம்தான். அதைக் கொறைச்சிக்கத்தான் ராச்சாப்பாடு இல்லை, கெழங்கு இல்லை" என்றார். பொழுது சாயுமுன் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தினார்கள். சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் இருக்க, இரவுச் சாப்பாடு முடிந்தது. நிலத்தை வைத்திருப்பதில் பாவம் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு தினசரி வட்டி கட்டும் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

செஞ்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை, சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். மராட்டியரின் படை அரண்களோடு சேர்த்து யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்று இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை; பேருந்து நிலையம் முழுக்கப் பதாகைகள். சிவாஜி 1677-இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராமை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டது. எனக்கு அங்கே ஒவ்வொரு முறையும் பார்க்கத் தோன்றுவது கல்யாண மகால் அல்ல, நெற்களஞ்சியம். தடித்த சுவர், வளைந்த கூரை, உள்ளே பேசினால் குரல் திரும்பி வரும். எட்டு ஆண்டு முற்றுகைக்குள் சாப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்றால் அது ஏரிக்குக் கீழே யாரோ அறுத்த நெல்.

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. ஒற்றைப் பாறையைக் குடைந்த சிறு கோயில், இருபுறமும் வாயிற்காவலர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் இதில் ஒரு வடமொழிக் கல்வெட்டு வைத்தான். பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் செய்தேன் என்கிறான். என்ன சேர்த்தேன் என்று பட்டியலிடும் அரசர்களுக்கு நடுவே எதையெல்லாம் சேர்க்கவில்லை என்று சொன்ன அரசன். அந்தப் பட்டியலில் ஆள் இல்லை. உளி பிடித்தவர்களை 'இல்லாமல்' என்று எழுத முடியாது, எழுதவும் தோன்றியிருக்காது.

அங்கிருந்து நேமூர் வழியாக எண்ணாயிரம். பெயரைக் கேட்டால் பெரிய ஊர் போல இருக்கும். நான் போனபோது தெருவில் ஒரு நாயும் ஒரு டிராக்டரும். அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில் சுவரில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. இங்கே ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளையவர் 270 பேருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவர் 70 பேருக்குப் பத்து நாழி. இத்தனைக்கும் சேர்த்து 45 வேலி நிலம். இன்றைய கணக்கில் முந்நூறு ஏக்கர் அளவு வரும். ஒரு கல்லூரியின் வரவுசெலவு நாழிக் கணக்கில் சுவரில் நிற்பதைப் பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. சோழர் காலத் தானக் கல்வெட்டுகளில் ஒரு வாய்பாடு வரும்: மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமெல்லாமும் கொடுக்கப்பட்டது என்று. மரத்தையும் ஆமையையும் மறக்காதவர்கள். அந்த 45 வேலியில் சேற்றில் நின்றவர்களுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி என்று சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தொல்லியல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது அந்தக் கல்வெட்டின் வேலை இல்லை.

அப்படிச் சுற்றி வந்ததற்குக் காரணம் எண்ணாயிரம் அல்ல என்பது எனக்கே தெரியும்.

விழுப்புரம் வந்தபோது இருட்டிவிட்டது. 1879-இல் புதுச்சேரிக்குத் தண்டவாளம் பிரிந்த நாளிலிருந்து இந்த ஊர் ஒரு சந்திப்பு. நான்கைந்து திசைக்கு வண்டிகள். அறிவிப்பு ஒலிபெருக்கி ஓயாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஒரு ரயில்பாதை வரும் என்று நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். மாமா ஊருக்குப் பக்கத்தில் போகுமாம். "ரயிலு வந்தா நெலம் வெல ஏறும்" என்று அத்தையே சொன்னார், மல்லாட்டை உடைத்துக்கொண்டே.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மாமாவின் அழைப்பு வந்தது.

"போய்ச் சேந்துட்டியா மாப்ள?"

"இன்னும் வண்டி வரலை மாமா."

"நாளைக்கு மழை வரும்போல இருக்குது. ஈரம் கெடச்சா வெதச்சிடலாம்னு பாக்கறேன். ஒங்கம்மா துண்டுலயும் போட்டுடவா? சும்மாதான கெடக்குது."

"போடுங்க மாமா. டிராக்டர் எந்த வழியா வரும்?"

"வேற எந்த வழி இருக்குது? நாம நடந்துபோன வழிதான்."

"அந்தப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஓடு முறியும் ஒலி மட்டும் தூரத்தில் கேட்டது. அத்தை இன்னும் உடைத்துக்கொண்டிருந்தார்.

"அவனைக் கேக்கறதா?" என்றார் மாமா. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்று குரலில் தெரிந்தது.

"அவரைத்தான்" என்றேன்.

மாமா பதில் சொல்லவில்லை. பிறகு, கமிட்டியில் இந்த வாரம் மல்லாட்டை மூட்டை என்ன விலைக்குப் போயிற்று என்று சொல்ல ஆரம்பித்தார்.